கோழிக் காத்து அளந்த காலம்

தச்சனுக்கு நாற்காலி மிஞ்சும், தையக்காரருக்குச் சட்டை மிஞ்சும். கோழிக் கொட்டகையிலேருந்து எவ்வளவு அமோனியா, எவ்வளவு தூசி கிளம்புதுன்னு கணக்குப் போடுற எங்க தொழில்ல மிஞ்சுறது உடம்புல ஒட்டின நாத்தம் மட்டும்தான். எண்பதுகள்ல எட்டு வருஷம் அரசாங்க ஆபீஸ் ஒண்ணுல இந்த உத்தியோகம் பார்த்தேன். மீன் பாசார்ல நிக்கிறவங்க, ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுறவங்க, ஆஸ்பத்திரியில பினாயில் ஊத்திக் கழுவுறவங்க, நீங்கல்லாம் என் கட்சி. உங்களுக்குத்தான் இதைச் சொல்றேன். ஏர்கோன்ல உக்காந்து சென்ட் போட்டுக்கிட்டு வேலை பார்க்குறவங்க வேற பக்கத்தைத் திருப்பிக்கலாம்.

வேலை என்னன்னா, ஒரு சின்ன பம்பு கொட்டகைக் காத்தை இழுத்து, ஆசிட் கலந்த தண்ணி இருக்கிற கண்ணாடிப் பாட்டில் வழியா விடும். காத்துல இருக்கிற அமோனியா அந்தத் தண்ணியில மாட்டிக்கும். தூசிக்கு ஒரு வெள்ளைக் காகிதம். பம்புல மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை அதை எடை போடணும். எல்லாத்தையும் வச்சு ஒரு கோழிக்கு இவ்வளவுன்னு கண்டுபிடிச்சு, மொத்தக் கோழியால பெருக்கணும். அவ்வளவுதான் லா. ஆபீஸ் வேன் ஓட்டுற மலாய்க்காரர் பாக் மான் நல்ல மனுஷன், ஆனா பண்ணைக்கு நூறு அடி தள்ளியே வண்டியை நிறுத்தி, கண்ணாடியை ஏத்திட்டுத் தூங்கிடுவார். நாள் பூரா நானும் கோழியும்தான்.

எத்தனை கோழி?

ஜெஞ்சாரோம்ல செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னாடி ஒரு சீனத் தவுக்கேயோட, அதான் முதலாளியோட, பண்ணை. "பாஸ், மொத்தம் எத்தனை கோழி?"ன்னு கேட்டேன். காலையில ஆறாயிரம்னார். மத்தியானம் நாலாயிரம்னார். சாப்பாட்டுக்கு அப்புறம் அவர் பெண்டாட்டி வந்து எட்டாயிரம்னாங்க. எதால பெருக்குறது, சொல்லுங்க? நானே எண்ணுறதுன்னு இறங்கினேன். ஒரு வரிசையை எண்ணி, வரிசைகளால பெருக்கலாம்னு நினைச்சா, கோழி என்ன ஸ்கூல் அசெம்பிளிக்கா நிக்குது? நான் கிட்டப் போனா அந்த மூலைக்கு ஓடுது, விலகினா இந்த மூலைக்கு ஓடுது. அது ஓட ஓடத் தூசி கிளம்பி என் வெள்ளைக் காகிதம் பழுப்பாயிடுச்சு. ஓடாத கோழிக்கு ஒரு தூசி, எண்ண வந்தவனைப் பார்த்து ஓடுற கோழிக்கு ஒரு தூசின்னு ஆபீஸ்ல கொடுத்த அளவுப் புத்தகத்துல எங்கயும் போடல. அந்தப் புத்தகமும் பனி பெய்யுற ஊர்ல எழுதினது, நம்ம வெயில் அதுக்கு எங்க தெரியப்போவுது!

தவுக்கே நாற்காலியைப் போட்டு உக்காந்து, காலையிலேருந்து இதைச் சினிமா மாதிரிப் பார்த்துக்கிட்டே இருந்தார். நான் பாட்டில்களைப் பெட்டியில அடுக்கும்போது பக்கத்துல வந்து மலாய்ல கேட்டார்: "லைசென்ஸ் பார்க்க வர்றான், கோழிக்கு ஊசி போட வர்றான், அதெல்லாம் எனக்குப் புரியுது. நீ கோழி விட்ட காத்தைப் பாட்டில்ல பிடிச்சுட்டுப் போறியே, உன் வீட்டுல உன்னை ஒண்ணும் கேக்க மாட்டாங்களா?"

சாம்பிராணி

கேக்குறதுக்கு வீட்டுல யாரும் இல்லைங்க. அப்பா அம்மா போயிட்டாங்க, ஒரே தங்கச்சி ஜொகூர்ல வாக்கப்பட்டுப் போயிட்டா. அதனாலயோ என்னவோ, ரவாங் பக்கம் மாடும் கோழியும் வச்சிருந்த சின்னச்சாமி அண்ணன் வீட்டுக்குப் போற நாளை மட்டும் காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருந்தேன். தமிழ் ஆளு, வாங்க போங்கன்னு பேசுவார், மோர் கொடுப்பார். போன தடவை சொல்லாம போனப்ப அவர் பண்ணையில அளவு ஒழுங்கா வந்துச்சு. இந்தத் தடவை தூசிக் காகிதத்தை எடை போட்டா, பெரிய தவுக்கே பண்ணையையே தூக்கிச் சாப்பிடுற அளவு வருது. அமோனியாவோ ஒண்ணுமே இல்லைங்குது. ஆபீஸ்ல என் பெரியவர் என்னைத்தான் முறைச்சார். நீ பம்பை ஒழுங்கா மாட்டலைன்னார்.

மறுபடி போனேன், சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே. அப்பதான் விஷயம் விளங்குச்சு. ஆபீசர் வர்றார்னு அண்ணன் விடியக்காலையிலயே கொட்டகையைத் தண்ணி ஊத்திக் கழுவியிருக்கார். மஞ்சத்தண்ணி தெளிச்சிருக்கார். மூலைக்கு ஒரு தட்டுன்னு நாலு சாம்பிராணித் தட்டு புகையுது. என் பம்பு அன்னிக்குப் பிடிச்சது மாட்டுத் தூசியும் இல்ல, கோழித் தூசியும் இல்ல, சுத்தமான சாம்பிராணி! எனக்குக் கோபம் வந்து, எப்பவும் இருக்கிற மாதிரி இருந்தாதான் அளக்க முடியும், இப்படிப் பொய்க் காத்தைக் காட்டினா எப்படின்னு சத்தம் போட்டுட்டேன். அவருக்கு முகம் சுருங்கிப் போச்சு. "விருந்தாளி வர்றப்ப கூட்டாம பெருக்காம நாறப்போட்டு வைக்கணும்னு எந்த ஊர்லங்க சட்டம் இருக்கு?"

காலி சீட்டு

சாயங்காலம் ஆபீஸ்லேருந்து நான் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸுக்கு வர மினி பஸ். ஆளு மேல ஆளு நிக்கிற நேரம், ஆனா என் பக்கத்து சீட்டு மட்டும் எப்பவும் காலியா இருக்கும். சட்டைப் பையில ஆபீஸ் பேட்ஜ் மாட்டியிருப்பேன். சரி, மரியாதை கொடுக்குறாங்கன்னு நானும் நிமிர்ந்து உக்காந்துக்குவேன். சிரிக்காதீங்க, நீங்களும் அப்படித்தான் நினைச்சிருப்பீங்க. ஒரு நாள் ஒரு அக்கா குழந்தையோட வந்து உக்காந்தாங்க. எனக்கு அவ்வளவு சந்தோஷம். குழந்தைக்கு மிட்டாய் இருக்கான்னு பையைத் தேடுறதுக்குள்ள அவங்க எழுந்து முன்னாடி போயிட்டாங்க. கண்டக்டர் தம்பி டிக்கெட் கிழிச்சுக்கிட்டே என் காதுகிட்ட குனிஞ்சான்: "அண்ணே, கோவிச்சுக்காதீங்க, நீங்க ஏறினா பின்னாடி பாதி பஸ் காலியாவுது, முன்னாடி நசுங்குறவங்களை நான் எங்கண்ணே வைக்கிறது?"

பின்னறை

பிரிக்பீல்ட்ஸ்ல பரமேஸ்வரி ஆன்டி வீட்டுப் பின்னறையிலதான் நான் குடியிருந்தேன். யாழ்ப்பாணத்துக்காரங்க. புருஷன் ரயில்வேயில கிளார்க்கா இருந்து இறந்து போனவர். மகன் ராஜன் பெட்டாலிங் ஜெயாவுல குடும்பத்தோட இருந்தார், ஞாயித்துக்கிழமை மட்டும் வந்துட்டுப் போவார். தினமும் ஆறு மணிக்கு ஆன்டி குசினி மேசையில ரெண்டு கோப்பை தேத்தண்ணி வைப்பாங்க. "தம்பி, இண்டைக்கு எத்தினை கோழியைச் சந்திச்சனீங்கள்?"னு கேப்பாங்க. நான் சொல்லுவேன். அவங்க புருஷன் கதையைச் சொல்லுவாங்க. அதே கதைதான், இருந்தாலும் கேப்பேன். அந்த அரை மணி நேரம் இல்லைன்னா அன்னிக்குப் பூரா மனுஷங்களோட நான் பேசினது 'எத்தனை கோழி' மட்டும்தான்.

எட்டாவது வருஷம் முன்னறைக்கு பேங்க்ல வேலை பார்க்குற ஒரு பொண்ணு குடி வந்துச்சு. வந்த ரெண்டாவது வாரமே, பின்னறையிலேருந்து நாத்தம் வருது, இப்படியே இருந்தா நான் காலி பண்ணிடுவேன்னு சொல்லிடுச்சு. ராஜன் என்னைக் கூப்பிட்டு ரூமை விடச் சொன்னார். எனக்கு வந்துச்சே கோபம்! நாத்தத்தைப் பத்தி எனக்கே பாடமா? அது பின்பக்கக் கால்வாய்தான்னு அடிச்சுச் சொன்னேன். பழகின மூக்கு செத்த மூக்கு, அதை நம்பாதீங்க பாஸ்னு எத்தனை பண்ணைக்காரங்களுக்கு உபதேசம் பண்ணியிருக்கேன்! அது எனக்கும் பொருந்தும்னு அந்த நேரத்துல தோணவே இல்ல. என் ரூம்லயே மூணு நாள் பம்பை ஓட விடுறேன், சுத்தமா இருந்தா நான் இங்கேயே இருப்பேன், இல்லைன்னா போறேன்னு ஆன்டி முன்னாடி சவால் விட்டேன். ராஜன் கார் சாவியை எடுத்துக்கிட்டே சொன்னார்: "சரி, உங்கட போத்தலே தீர்ப்புச் சொல்லட்டும்."

பன்னிரண்டாம் நம்பர்

எங்க லேப்ல பாட்டிலைப் பார்க்குறவங்க மிஸ் ஓங். எந்தப் பாட்டில் எந்தப் பண்ணைன்னு அவங்களுக்குச் சொல்லக் கூடாது, நம்பர் மட்டும்தான் ஒட்டணும், அதுதான் வழக்கம். பதினொரு பாட்டில் பண்ணையோடது. பன்னிரண்டாவது என் ரூமோடது. மிஸ் ஓங் யார்கிட்டயும் அதிகம் பேச மாட்டாங்க. அன்னிக்கு என்னவோ தாளைக் கையில பிடிச்சுக்கிட்டு என் மேசைக்கே வந்தாங்க. என் மேசையை எப்பவோ ஜன்னல் ஓரமா, மத்தவங்களுக்கு எட்டத்துல தள்ளி வச்சிருந்தாங்க, அதுவரைக்கும் நடந்து வந்ததே பெரிய விஷயம்.

பதினொண்ணும் சரியா இருக்குன்னாங்க. பன்னிரண்டுல மட்டும் ஒரு சந்தேகம்னாங்க. சுத்தமான காத்துக்கு எப்படி வரணும்னு எனக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும். தாள்ல இருந்த எண் அதுக்குப் பக்கத்துலகூட இல்ல. மிஸ் ஓங் அந்த எண்ணுக்குக் கீழ பென்சிலால கோடு போட்டுட்டு கேட்டாங்க: "இது கோழியை எல்லாம் ஏத்தி அனுப்பின பிறகு, யாரும் இல்லாத காலிக் கொட்டகையில எடுத்தது, கரெக்ட்தானே?"

தீர்ப்பு

ரூமுக்கு வந்து சுத்திப் பார்த்தேன். பண்ணை பூட்ஸ் கட்டிலுக்கு அடியில. வேலைச் சட்டை கதவுக்குப் பின்னாடி ஆணியில. பம்பு வைக்கிற கான்வாஸ் பை தலைமாட்டுல, அதோட மடிப்பு பூரா எட்டு வருஷத்துக் கோழி எரு. தினம் அதுங்களோடதான் படுத்து எழுந்திருக்கேன். எனக்கு ஒண்ணுமே தெரியல. கட்டில்ல உக்காந்து அழுதேன்னு சொல்ல வெக்கமா இருக்கு, ஆனா அழுதேன்.

ஞாயித்துக்கிழமைக்கு ரெண்டு நாள் இருந்துச்சு. ராஜனுக்கு அந்தத் தாள்ல ஒண்ணும் புரியாது. எண்ணுல ஒரு புள்ளியைத் தள்ளி வச்சா போதும், ரூம் சுத்தம், நான் யோக்கியன், ஆறு மணிக்குத் தேத்தண்ணி. பூட்ஸையும் பையையும் அன்னிக்கே ஆபீஸ் ஸ்டோர்ல போட்டுட்டேன். பேனாவைக்கூட எடுத்தேன். சாம்பிராணி போட்டதுக்கு சின்னச்சாமி அண்ணன்கிட்ட நான் போட்ட சத்தம் ஞாபகம் வந்துச்சு, கை ஓடல. ஞாயித்துக்கிழமை குசினி மேசையில தாளை வச்சு உள்ளதைச் சொன்னேன். சாமானை எல்லாம் வெளியே போட்டாச்சு, இனிமே வராது, ஒரு மாசம் பாருங்கன்னும் கெஞ்சினேன். ராஜன் நல்ல மாதிரியாதான் பேசினார். ஆனா அந்தப் பொண்ணுக்கு வாக்குக் கொடுத்தாச்சு, மாசக் கடைசியில விட்டுடுங்கன்னுட்டார். சவால் விட்டது நான்தானே, எந்த வாயால எதிர்த்துப் பேச?

அவர் கார் போன பிறகு ஆன்டி தேத்தண்ணி வச்சாங்க. கோழியைப் பத்தி ஒண்ணும் கேக்கல. நான் குடிச்சு முடிச்சுக் கோப்பையைக் கழுவப் போனேன். கையிலேருந்து பிடுங்கிக்கிட்டாங்க. கண்ணு ரெண்டும் கலங்கியிருந்துச்சு, ஆனா குரல்ல கோபம்தான்: "எனக்கு அந்த நாத்தம் நீங்கள் வந்த முதல் நாளே தெரியும், நான் ஏதாவது சொன்னனானோ? ஒரு சின்னப் பொய் சொல்லியிருக்கலாமே தம்பி, இனி ஆறு மணிக்கு நான் ஆரோட கதைக்கிறது?"

அப்புறம் கிள்ளான்ல ஒரு மாடி ரூம் பிடிச்சு, ரெண்டு ஜன்னலையும் திறந்து போட்டு, ஒரு தடவை பம்பை வச்சும் பார்த்துட்டேன்: அமோனியா இல்ல, தூசி இல்ல, குறை சொல்ல ஒரு ஆள்கூட இல்ல, எட்டு வருஷத்துல நான் அளந்ததுலயே சுத்தமான காத்து அதுதாங்க.