சுடுதண்ணீருக்குக் கணக்குப் போட்டவன்

ஒரு கட்டடத்துக்கு தினமும் எவ்வளவு சுடுதண்ணீர் வேண்டும், அதைக் காய்ச்ச எவ்வளவு எரிபொருள் ஆகும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவதும் ஒரு வேலைதான். எண்பதுகளில் சிங்கப்பூரில் எனக்குச் சோறு போட்டது அதுதான். தலையில் ஷாம்பூ நுரையோடு நிற்கும்போது சட்டென்று தண்ணீர் சில்லிட்டுப்போன அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அதற்குக் காரணமானவர்களில் நானும் ஒருவன், மன்னியுங்கள்.

வாளியோடு ஒரு காலை

எண்ணெய் விலை ஏறியதும், தண்ணீரைக் குறைவாக விடும் புது ஷவருக்கு ஹோட்டல்காரர்கள் மாற ஆரம்பித்தார்கள். பழைய ஷவர் நிமிஷத்துக்கு எவ்வளவு விடுகிறது, புதியது எவ்வளவு என்று அளந்தால்தான் கணக்குப் போட முடியும். ஆர்ச்சர்ட் ரோட்டுப் பக்கம் ஒரு பெரிய ஹோட்டலில் வாளியும் ஸ்டாப்வாட்சுமாக அறை அறையாகப் போனேன். வாளி நிறைந்ததும் நேரத்தைக் குறிப்பேன், கொட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போவேன். அறைகளைச் சுத்தம் செய்யும் மேரி அக்கா பத்தாவது அறைவரை பொறுமையாகப் பார்த்தார்.

"குளிக்கவும் இல்ல, துவைக்கவும் இல்ல, சும்மா புடிச்சுப் புடிச்சு ஊத்துறீங்க. வீட்ல தண்ணிய கட் பண்ணிட்டாங்களா தம்பி?"

கனி பாயின் விடுதி

சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில் கனி பாய்க்கு இருபது அறை விடுதி. இரண்டு பாய்லர்கள் ஓடிக்கொண்டிருந்தன. புது ஷவர் பாதித் தண்ணீர்தான் விடுகிறது, ஆகவே சுடுதண்ணீரும் பாதி போதும், ஒரு பாய்லரை நிறுத்திவிடலாம் என்றது கம்ப்யூட்டர். நானும் கையெழுத்துப் போட்டேன்.

மறுவாரமே காலை ஏழரைக்கு கனி பாயிடமிருந்து போன். மலேசியாவில் ஈப்போவிலிருந்து கல்யாணத்துக்கு வந்த கூட்டம் தங்கியிருக்கிறது, சுடுதண்ணீர் தீர்ந்துவிட்டது, மாப்பிள்ளையின் மாமா உடம்பெல்லாம் சோப்போடு, துண்டைக் கட்டிக்கொண்டு கீழே வந்து நிற்கிறார். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டே ஓடினேன். அதற்குள் கனி பாய் இரண்டாவது பாய்லரை மூட்டிவிட்டிருந்தார். அதன்பின் மூன்று நாள் காலையில் நான் அவருடைய விடுதியின் நடையில் உட்கார்ந்து, எந்த அறையில் எவ்வளவு நேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது என்று குறித்தேன். ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்று நான் போட்டிருந்தேன். அவர்களோ சோப்புப் போகவில்லை என்று ஒன்பது நிமிஷம் நின்றார்கள். மெல்லிய துளிகள் உடம்பில் விழுமுன் ஆறிவிட, சுடுதண்ணீரைக் கூடுதலாகத் திறந்தார்கள். திருத்திப் போட்டதில் எரிபொருள் மிச்சம் இருந்தது, ஆனால் பாதியளவு இல்லை. இரண்டாவது பாய்லர் காலையில் மட்டும் ஓடட்டும் என்று எழுதிக் கொடுத்தேன். கனி பாய் நிதானமாகப் படித்தார்.

"இது சரியா வரும் தம்பி. போன தடவ கணக்குப் போட்டது குளிக்காத ஆளு லா."

வீட்டில் ஒரு சோதனை

அந்தத் தெம்பில் எங்கள் குவீன்ஸ்டவுன் வீட்டிலும் புது ஷவர் ஒன்றை மாட்டினேன். எங்களிடம் இருந்தது, தண்ணீர் ஓடும்போதே சூடாக்கும் சின்ன ஹீட்டர். தண்ணீர் ஓரளவு வேகமாக ஓடினால்தான் அது வேலை செய்யும் என்பதை, இவ்வளவு பெரிய நிபுணன், மறந்துபோனேன். மழை கொட்டும் ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசைக்கு நேரமாகிவிட்டது. குளிக்கப் போன என் மனைவி ஸ்டெல்லாவின் அலறல் மூன்று வீட்டுக்குக் கேட்டிருக்கும். கதவுக்கு வெளியே நின்று காரணத்தை விளக்கினேன்.

"ரிப்போர்ட்ல எழுதிக்குங்க. இந்த வீட்டுக்கு சுடுதண்ணியும் தேவையில்ல, புருஷனும் தேவையில்ல!"

இத்தனை வருஷத்தில் நான் கண்டது இவ்வளவுதான்: தண்ணீர், கணக்கு சொன்னபடி கேட்கும், குளிப்பவர்தான் கேட்கமாட்டார்.