எண்ணெயில் கரையாத மிட்டாய்

பள்ளிவாசல் என்ற ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கூலிக்காரர்களின் லயத்து வீட்டில் வளர்ந்தவள் நான். தபசு காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரை எங்கள் வீட்டில் இனிப்பு கிடையாது. அந்த வருடம் தபசுக்கு முந்தின வாரம் அப்பா எனக்கும் தங்கச்சிக்கும் ஆளுக்கு நாலு ஜவ்வு மிட்டாய் வாங்கி வந்தார். என்னுடையதை அன்றே தின்று தீர்த்தேன். ஆறு வயதுத் தங்கச்சி தன் பங்கைத் தகர டப்பாவில் போட்டு, ஈஸ்டருக்கென்று மாதா படத்துக்குப் பின்னால் வைத்தாள். எனக்கு ஒரே எரிச்சல். அவ்வளவு நல்ல பிள்ளையாக ஒருத்தி வீட்டில் இருந்தால் மற்றவள் பாடு திண்டாட்டம்தான்.

ஏழாம் வகுப்பில் எங்கள் சயன்ஸ் சார் மலையாளி.

"நாளைக்கு ஒரு பரீக்ஷணம் உண்டு. சூடாக்கினா எதில மிட்டாயி கரையும்னு நோக்கலாம். மிட்டாயி ஆரு கொண்டு வரும்?"

முந்திக்கொண்டு கை தூக்கினேன். அவர் என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நாளையாவது கூப்பிடுவார் என்று ஆசை.

தங்கச்சி இரண்டு நாளாகக் காய்ச்சலில் கிடந்தாள். இப்போதா மிட்டாய் கேட்கப் போகிறாள், ஈஸ்டருக்குள் வேறு வாங்கி வைத்துவிடலாம் என்று டப்பாவைக் காலி செய்துகொண்டு போனேன்.

தண்ணீர், பால் விடாத கட்டன் சாயா, பால், தேங்காய் எண்ணெய் என்று நாலையும் சார் ஸ்டவ்வில் சூடாக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு மிட்டாயைப் போட்டார். முதல் மூன்றிலும் கலக்கக் கலக்கக் கரைந்தது. எண்ணெயில் போட்டது மட்டும் நெளிந்து சப்பையாகி அடியில் கிடந்தது. சார் என் பெயரைச் சொல்லி, "மிடுக்கி!" என்று பாராட்டினார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. மிஞ்சிய மிட்டாயைத் துடைத்து வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

அம்மா காலி டப்பாவோடு நின்றுகொண்டிருந்தாள்.

"புள்ள ரெண்டு நாளா ஒண்ணும் எறக்கல. தபசாவது ஒண்ணாவது, வாய்க்கு இனிப்பா குடுப்போம்னு தொறந்தேன். ஏட்டி, எங்க போச்சு?"

எண்ணெய்ப் பிசுக்கு போகாத அந்த ஒன்றைத் தங்கச்சி கையில் வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள். அம்மா கஞ்சி எடுக்க அடுப்படிக்குப் போனதும் என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"மத்த மூணையும் நீயே தின்னுட்டியாக்கா? தபசுல தின்னா பாவம்லா. பரவால்ல. நான் சேசு சாமிகிட்ட சொல்ல மாட்டேன்."

நான் தின்னவில்லை. ஆனால் அதைச் சொன்னால் ஸ்டவ், எண்ணெய், சார் என்று எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவள் மிட்டாயைத் தின்னாமல், திரும்ப டப்பாவில் போடச் சொன்னாள்.

மறுநாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் காய்ச்சலிலேயே அவள் கண்ணை மூடிவிட்டாள்.

ஈஸ்டர் அன்று காலை அம்மா டப்பாவைத் திறந்து அந்த மிட்டாயை என்னிடம் நீட்டினாள். என்னால் கை நீட்ட முடியவில்லை. தங்கச்சி என்னைத் திருடி என்று திட்டியிருந்தாலாவது தாங்கியிருப்பேன். நான் செய்யாத பாவத்தைச் சேசுவிடம் மறைத்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனாளே, அதை இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.