கூடைக் கயிறு தோளில் கிடந்த படம்

என் வேலை என்னவென்று அம்மாவுக்குப் புரியவைக்க மூன்று வருடமாக முயல்கிறேன். மலைக்குக் கீழே உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் கண் தெரியாத மாணவர்கள் படிக்கிறார்கள். விரிவுரையாளர்கள் கொடுக்கும் குறிப்புகளை, கணினி வாய்விட்டு வாசிக்கும்படி மாற்றிக் கொடுப்பது என் வேலை. அலுவலகத்தில் எனக்கு நாற்காலி இல்லாததால் அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டில் இருந்தே செய்கிறேன். "பாடம் நடத்துறியா?" என்பாள் அம்மா. இல்லை. "டைப் அடிக்கிறியா?" அதுவும் முழுதாக இல்லை. கடைசியில் பக்கத்து வீட்டு அத்தையிடம், "எம் மக கம்பியூட்டருக்கு வாசிக்கச் சொல்லிக்குடுக்குறா" என்று முடித்துவிட்டாள். ஏறக்குறைய சரிதான்.

எனக்கு வருவதெல்லாம் நகலுக்கு நகல் எடுத்த நகல். ஒரு பக்கத்தில் யாரோ தேத்தண்ணிக் கோப்பை வைத்த வட்டம் இருக்கும். கணினி அதைப் பூச்சியம் என்று பக்தியோடு வாசிக்கும். படம் வந்தால் தனி விதி: கண்ணில் படுவதை மட்டும், இரண்டே வாக்கியத்தில் எழுத வேண்டும்.

ஒருநாள் தோட்டத் தொழிலாளர் பற்றிய பாடக் குறிப்பில் ஒரு புகைப்படம் வந்தது. "தேயிலை மலையில் ஒரு பெண் கூடையோடு கொழுந்து பறிக்கிறாள். அவள் சிரிக்கிறாள்" என்று எழுதினேன். கொழுந்து பறித்து முடித்து வந்த அம்மா ஈரக் காலோடு என் பின்னால் நின்று பார்த்தாள்.

"யாரு இவ?"

"தொழிலாளி."

"எந்தத் தோட்டத்துல? கூடைக் கயித்தத் தோள்ல மாட்டியிருக்கா. தலையில மாட்டாம ரெண்டு கையாலயும் எப்படிப் பறிப்பா?"

சத்தம் கேட்டு அத்தையும் வந்துவிட்டாள். "இடுப்புல படங்குச் சாக்கு கட்டல. இந்தச் சீலையோட செடிக்குள்ள போனா அரை மணியில கந்தலாயிரும்."

"இது கவ்வாத்து வெட்டுன மலைடி. செடியெல்லாம் குச்சி குச்சியா நிக்குது. கொழுந்தே இல்லாத மலையில கூடை எப்படி ரொம்புச்சு?"

"ரொம்புனது கொழுந்தா? அம்புட்டும் முத்துன இலை. மேற்பார்க்குற கண்டாக்கு ஐயா பார்த்தா அப்படியே கீழ கொட்டச் சொல்லுவாரு."

"குதி வச்ச செருப்பு வேற!"

இருவரும் சிரித்துச் சிரித்து இருமினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அம்மாவின் நெற்றியில் கயிறு பதிந்த தடம் இருக்கிறது. படித்தவர்களுக்கு அதை எங்கே மாட்டுவதென்று கூடத் தெரியவில்லை. இரண்டு வாக்கியத்தையும் அழித்துவிட்டு, அவர்கள் சொன்னதையெல்லாம் ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதி அனுப்பினேன். விதி கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தக் குறிப்பு ஒரே ஒரு மாணவிக்குத்தான் போனது. இறம்பொடைப் பெண், பிறவியிலேயே பார்வை இல்லை. வீட்டில் கடை வைத்திருக்கிறார்கள், தேயிலைச் செடிக்குள் அவள் கால் வைத்ததில்லை. அது கடைசி வருடம். அந்தப் பாடம் தேறினால்தான் பட்டம், பட்டம் வந்தால்தான் ஆசிரியை வேலைக்கு விண்ணப்பிக்கலாம்.

பரீட்சையில், குறிப்பில் உள்ள படத்தை வைத்து அந்தத் தொழிலாளியின் ஒரு நாளை விவரிக்கச் சொல்லியிருந்தார்கள். அவள் சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதினார்: படத்தில் இருப்பவர் தொழிலாளி அல்ல, காரணங்கள் ஐந்து.

சில வாரம் கழித்து அவளுக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. கண் தெரியாதவளுக்குக் கோணலாகப் படம் எடுத்து அனுப்பிய கடிதம். வாசிக்க முடியாமல் அவள் அதை எனக்கு அனுப்பினாள். வேலை வேலைதானே, வரி வரியாக மாற்றினேன். கண் உள்ள மாணவர் ஒருவரும் காணாததை இம்மாணவி கண்டிருப்பதால், அவர் பார்வையுள்ளவரா அல்லது விடை வெளியிலிருந்து கிடைத்ததா என்று விசாரிக்கப்படும். அதுவரை பரீட்சைப் பெறுபேறு நிறுத்தி வைக்கப்படும். என் திமிருக்கு அவள் பட்டம் பலியாகப் போகிறது.

விசாரணைக்கு அவளோடு நானும் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் தலைவர், வலது பக்கத்தில் குறிப்பை எழுதிய விரிவுரையாளர். நாங்கள் உட்கார்ந்ததும் விரிவுரையாளர் எட்டி, சத்தமில்லாமல் அவள் முகத்துக்கு நேரே கையை ஆட்டிப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் அசையவில்லை.

"கயிறு தோளில் இருப்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று தலைவர் கேட்டார்.

"குறிப்புல வாசிச்சேன் சார். அக்கா எழுதியிருந்தாங்க."

தலைவர் என் பக்கம் திரும்பினார். "நீங்கள் பார்த்ததைத்தான் எழுதினீர்களா?"

"நான் பார்க்கல சார். எங்கம்மா பார்த்தாங்க."

அம்மாவையும் விசாரிக்க வேண்டும் என்றார் தலைவர். தொலைபேசியில் வீடியோ போட்டேன். அம்மா கொழுந்து நிறுவைக்கு நின்றுகொண்டிருந்தாள். பின்னால் பத்துப் பதினைந்து பெண்கள், எல்லார் நெற்றியிலும் கூடைக் கயிறு. தலைவர் படத்தைத் திரைக்கு முன் தூக்கிப் பிடித்தார். அவ்வளவுதான், எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். செருப்பு, சீலை, இலை என்று ஒன்றையும் விடவில்லை. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, படத்தை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு தன் முன்னால் இருந்த ஐந்து காரணங்களுக்கும் பேனாவால் ஒவ்வொன்றாகச் சரி போட்டார்.

"இந்தப் படம் எங்கே எடுத்தது?" என்று விரிவுரையாளரைக் கேட்டார்.

"நுவரெலியாவில். அது என் மனைவி. உடுப்பும் கூடையும் அங்கே படம் எடுக்க வாடகைக்குக் கொடுக்கிறார்கள்."

தொலைபேசியில் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மாதான் முதலில் சுதாரித்தாள். "உங்க வீட்டம்மா நல்லா லட்சணமா இருக்காங்க ஐயா. வேலைக்கு மட்டும் அனுப்பிறாதீங்க."

பெறுபேற்றை வெளியிடலாம் என்று தலைவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். இனி இரண்டு வாக்கியத்துக்கு மேல் எழுதக்கூடாது என்று எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதமும் கிடைத்தது. அது இரண்டு பக்கம்.

மேலே வரும் பஸ்ஸில் மாணவிக்கு ஜன்னல் சீட். பஸ் மலை ஏறத் தொடங்கியதும் என் பக்கம் திரும்பினாள்.

"கையை ஆட்டுனது அந்த சார்தானே அக்கா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"முகத்துல காத்து பட்டுச்சு. பேசுனா அழுதிருவேன்னுதான் சும்மா இருந்தேன்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சரி, சொல்லுங்க," என்றாள். "'அது என் மனைவி'ன்னு சொன்னப்ப அவர் முகம் எப்படி இருந்துச்சு?"

சொல்ல ஆரம்பித்தேன். காது சிவந்தது, பேனா மூடியைக் கழற்றிக் கழற்றிப் போட்டது, மேசையில் இல்லாத தூசியைத் தட்டியது. இறம்பொடையில் பஸ் நின்று, கண்டக்டர் இறங்கச் சொல்லி, அவள் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"மீசை இருக்கா அக்கா? அதச் சொல்லவே இல்லையே!"