மேசைக்கடியில் கத்திய சொற்கள்

மகளின் வானிலை அட்டையிலிருந்து வந்த பசை மணம், வெள்ளவத்தையில் இன்று அடுக்குமாடி நிற்கும் இடத்தில், ரயில் பாதையோரம் இருந்த தகரக்கூரைப் பாலர் வகுப்புக்கு என்னைக் கொண்டுபோனது.

அங்கே தினமும் வானத்தைப் பார்த்து வெயில், மழை என்று அட்டை ஒட்டுவோம். ஒரு காலை, கடல் தண்டவாளம்வரை சீறிவர, கூரை படபடவென்று அடித்துக்கொள்ள, அழுத எங்களை ரீச்சர் மேசைக்கடியில் இழுத்து அணைத்துக்கொண்டார்.

“இது என்ன, பிள்ளையள்? சத்தமாச் சொல்லுங்கோ!”

“காத்து!”

ஒரு தகரம் பிய்ந்து பறந்தது; தண்ணீர் கொட்டியது.

“இப்ப?”

“மழை!”

கத்தக் கத்த எங்கள் பயம் குறைந்தது; ரீச்சர் மட்டும் என் தோளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

காற்று ஓய்ந்தபின் அம்மாமார் ஓடிவந்தார்கள். கடைசியாக நான் அம்மாவோடு புறப்படுகையில் திரும்பிப் பார்த்தேன்: வெறும் வகுப்பில் ரீச்சர் தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.