சின்னவனின் மூன்று நாள் சாப்பாடு

இதை உங்கள் இருவருக்கும் எழுதுகிறேன். வீட்டில் கூப்பிடுகிற மாதிரிப் பெரியவள், சின்னவன் என்று எழுதினால்தான் எனக்குக் கை ஓடும். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். பிழை கண்டால் திருத்தி வாசியுங்கள்.

2011ஆம் ஆண்டளவில் என்று நினைக்கிறேன். பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு நாலு. பள்ளி விடுமுறைக்கு நாங்கள் குடியிருந்த டூங்கபியில் இருந்து மெல்பேர்ணுக்குக் காரில் போய், அங்கிருந்து இன்னும் கொஞ்சத் தூரம் தள்ளி, பென்குயின் கரையேறுகிற ஒரு கடற்கரையில் மூன்று நாள் தங்கப் போனோம். ஹோட்டலைப் பதிவு செய்தவர் எங்கள் முன்வீட்டு மதுரைக்காரர். கம்ப்யூட்டர் வேலை செய்பவர், நல்ல மனிதர். அவருடைய குடும்பத்துக்கு ஓர் அறை, எங்களுக்குப் பக்கத்து அறை.

போய் இறங்கிய அன்று பின்னேரம், வரவேற்பு மேசையில் இருந்த பெண் என்னிடம் ஏதோ கேட்டாள். எனக்குப் பாதிதான் விளங்கியது. "பிரீபெய்ட்" என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. பிரீபெய்ட் என்றால் எனக்குத் தெரிந்தது ஊருக்குக் கதைக்கிற ரெலிபோன் கார்ட்தான். மதுரைக்காரர் பக்கத்தில் நின்று விளங்கப்படுத்தினார்.

"அண்ணே, ரெண்டு வழி இருக்கு. மீல் பிளான் எடுத்தா மொத்தமா இப்பவே கட்டிடலாம். வேளா வேளைக்கு ஹாலுக்குப் போய் வேணுங்கிறதை எடுத்துச் சாப்பிடலாம். இல்லைன்னா அப்பப்ப ஆர்டர் பண்ணி, அப்பப்ப காசு. நான் பிளான் எடுத்துட்டேன். டென்ஷனே கிடையாது. நீங்க நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொன்னாப் போதுமாம். அதுக்கப்புறம் மாத்த முடியாது."

மற்றவர்களுக்கு இது வசதி பற்றிய கேள்வி. எங்களுக்கு அப்படி இல்லை.

சின்னவனுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது, டூங்கபிக்குப் பக்கத்தில் நார்த்மீட்டில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில், யாரோ ஓர் அன்ரி அன்பாக அவன் வாயில் கச்சான் கடலை போட்ட இனிப்புத் துண்டு ஒன்றை வைத்தார். நான் பார்க்கும்போது அவன் உதடு இரண்டும் குளவி கொட்டினது மாதிரி வீங்கியிருந்தது. பிறகு மூச்சு விசில் அடித்தது. பிறகு அந்த விசிலும் நின்றது. அம்புலன்ஸ் வந்து தொடையில் ஊசி போட்ட பிறகுதான் அவன் அழுதான். பிள்ளை அழுவதைக் கேட்டு நான் கடவுளுக்கு நன்றி சொன்னது அன்றைக்குத்தான். கச்சானின் தூள் பட்டாலும் காணும், அடுத்த முறை இதைவிட மோசமாக வரலாம் என்று டாக்டர் சொன்னார். அன்று தொடக்கம் பேனை மாதிரி ஓர் ஊசி உங்கள் அம்மாவின் கைப்பையில் இருக்கிறது. எங்கள் ஆட்களில் சிலர் சிரித்தார்கள். "ஊரிலை ஆருக்குக் கச்சான் ஒத்துக்கொள்ளாமல் போனது? இஞ்சை வந்த பிறகுதான் உந்தப் புதுப் புது நோய் வருத்தங்கள்" என்றார்கள். அவர்கள் அந்த விசிலைக் கேட்கவில்லை.

ஆகவே எங்கே போனாலும் எங்கள் சாப்பாடு எங்களோடு வரும். அந்தப் பயணத்திலும் காரின் பின்பெட்டியில், துவாயால் சுற்றி, ரைஸ் குக்கர் இருந்தது. அறைக்குள் கொண்டுவந்து வைத்த பிறகுதான் சுவரில் இருந்த அறிவித்தலைப் பெரியவள் வாசித்தாள். அறையில் சமைக்கக் கூடாது. கட்டிலுக்கு மேலே, கூரையில், புகை பட்டால் கத்துகிற வட்டப் பெட்டி சிவப்புக் கண்ணால் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"உது கத்தினால் ஹோட்டல் முழுக்க எழும்பி ஓடும். குக்கரைத் திருப்பிக் கொண்டுபோய்க் காரிலை வையுங்கோ" என்றார் அம்மா.

கொண்டுவந்த புட்டும் பாணும் அடுத்த நாள் காலையோடு முடியும். அதற்குப் பிறகு வேறு யாரோ சமைத்ததைத்தான் சின்னவன் சாப்பிட வேண்டும். அந்தக் கொண்டாட்டத்துக்குப் பிறகு அப்படி நடந்ததே இல்லை.

நான் பிளான் எடுப்போம் என்றேன். "ஒரே குசினியிலைதான் எல்லாம் சமைப்பினம். ஒரு தரம் சொன்னால் காணும்."

"ஆர் சொல்லுறது?"

"நான்தான்."

"சொல்லி? நூறு பேர் கை வைக்கிற கரண்டியைப் போய்க் காவல் காப்பியளோ? ஓடர் பண்ணினால் அவனுக்கெண்டு தனியாச் சமைப்பினம்."

"ஒவ்வொரு இடத்திலையும் ஒவ்வொருத்தருக்கும் இங்கிலீசிலை விளங்கப்படுத்த வேணுமே."

"அதுதான் உங்கடை பயம்" என்றார் அம்மா. உண்மைதான். ஆனால் அது மட்டும் இல்லை.

காலையில் மதுரைக்காரரோடு அந்த ஹாலைப் பார்க்கப் போனேன். வரிசையாகத் தட்டங்கள், நல்ல வாசம். பாண் வாட்டுகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் பட்டர், ஜாம், அதோடு ஒரு போத்தல் நிறையக் கச்சான் பசை. ஒரு வெள்ளைக்காரச் சிறுமி கத்தியை அந்தப் பசைக்குள் விட்டுப் பாணில் பூசினாள். அதே கத்தியைப் பட்டருக்குள் விட்டாள். பிறகு நக்கிவிட்டு ஜாமுக்குள் விட்டாள். மண்ணிறக் கோடு ஒன்று மஞ்சள் பட்டரில் கிடந்தது. அடுத்து வந்தவர் அந்தப் பட்டரைத்தான் எடுத்தார். ஒரு பிழையும் இல்லாத சாதாரணக் காலைச் சாப்பாடு அது. நான் அந்த மண்ணிறக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன அண்ணே, பேயைப் பார்த்த மாதிரி நிக்கிறீங்க?"

"கச்சான்" என்றேன்.

"கச்சான்னா?"

சுட்டிக் காட்டினேன்.

"ஓ, வேர்க்கடலை! அதை மட்டும் எடுக்காம விட்டாப் போச்சு."

அந்தக் கத்தியை அவர் பார்க்கவில்லை.

சரி, அம்மா சொன்னதுதான் சரி என்று மத்தியானம் கடற்கரைத் தெருவில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். நான் போகிற வழியெல்லாம் வசனத்தை மனதுக்குள் அடுக்கிக்கொண்டு போனேன். 'அலர்ஜி' என்ற சொல் எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் பேச்சில் அது ஒரு லேசான சொல். உப்புமா என்றால் அலர்ஜி, மாமாவைக் கண்டால் அலர்ஜி, தூசி பட்டுத் தும்மினால் அலர்ஜி. பிள்ளையின் மூச்சு நிற்கிற விஷயத்துக்கு அந்தச் சொல் காணாது என்று நினைத்தேன். இன்னும் பெரிதாகச் சொல்ல வேண்டும். டூங்கபியில் சின்னவன் போன பாலர் பாடசாலையில் தமிழ் ரீச்சர் ஒருவர் இருந்தபடியால், இதை ஆங்கிலத்தில் சொல்லிப் பழக எனக்கு ஒரு தேவையும் வந்திருக்கவில்லை.

பரிமாறுகிற பெண் வந்தாள். கோழியும் சிப்ஸும் சொன்னேன். பிறகு சின்னவனைக் காட்டி, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு சொன்னேன்: "மை சன், நட்ஸ். பிக் பிராப்ளம்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "மைன் டூ, டார்லிங்!" என்று சொல்லிச் சின்னவனின் தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

அவளுடைய பிள்ளைக்கும் இதே வருத்தம் இருக்கிறதாக்கும் என்று நினைத்தேன். அப்படியென்றால் நன்றாக விளங்கியிருக்கும். மனதுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. ஆனால் ஏன் சிரித்தாள்? அந்த விஷயத்தைச் சொல்லிச் சிரிக்கிற தாய் இருப்பாளா? எழுந்து போய்த் திரும்பக் கேட்போமா என்று யோசித்தேன். கேட்க வசனம் வரவில்லை.

சாப்பாடு வந்தது. கோழித் துண்டுகள், சிப்ஸ், ஓரத்தில் சின்னக் கிண்ணத்தில் மண்ணிறக் குழம்பு. சின்னவனுக்குப் பசி. சிப்ஸ் ஒன்றை எடுத்துக் குழம்பில் தோய்த்துவிட்டான். அம்மா விரல் நுனியால் கிண்ணத்தைத் தொட்டு மணந்து பார்த்துக் கச்சான் என்று கண்டதும், அவன் கையில் ஓங்கி அடித்ததும் ஒன்றாக நடந்தது. சிப்ஸ் பறந்தது, தட்டம் விழுந்து உடைந்தது, சின்னவன் வீரிட்டு அழுதான். அம்மா அவன் விரல்களைத் தன் சேலைத் தலைப்பால் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தார். கடையில் எல்லோரும் பிள்ளையை அடிக்கிற தாயைத்தான் பார்த்தார்கள். நான் ஊசியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு அவன் உதட்டைப் பார்த்தபடி நின்றேன். உதடு வீங்கவில்லை. அழுகையில் மூச்சு ஒழுங்காக வந்தது. ஆனாலும் எனக்கு அந்த இடத்தை விட்டு அசையப் பயம்.

ஹோட்டல் கார்த் தரிப்பிடத்தில் மதுரைக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். நான் சொன்ன ஆங்கிலத்தைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அண்ணே, நட்ஸ்னா பைத்தியம்னும் அர்த்தம். 'என் பையன் பைத்தியம், பெரிய தொல்லை'ன்னு சொல்லியிருக்கீங்க. அவ 'என் பையனும் அப்படித்தான்'னு..."

காருக்குள் இருந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பு பாதியில் நின்றது. குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அலர்ஜின்னு சொல்லுங்க அண்ணே. பீநட் அலர்ஜி. அந்த ஒரு வார்த்தை போதும். அதுக்கு இங்க எல்லாரும் பயப்படுவாங்க."

"அலர்ஜியோ? தும்மலுக்குச் சொல்லுறதல்லோ?"

"நமக்குத்தான் அது தும்மல். நான் வந்து சொல்லட்டுமா?"

"வேண்டாம், நானே சொல்லுறன்" என்றேன். அவர் எங்களோடு எப்போதும் வரப் போவதில்லை.

மாலைக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. சின்னவனையும் கையில் பிடித்துக்கொண்டு போனேன். வரவேற்பு மேசைப் பெண் என்னைக் கண்டதும் சிரித்தாள். "மை சன், பீநட் அலர்ஜி" என்றேன். அவளுடைய சிரிப்பு அப்படியே அணைந்தது. எழுந்து நின்றாள். உள்ளே போய்த் தலைமைச் சமையற்காரரை அழைத்து வந்தாள். வெள்ளைத் தொப்பியும் பெரிய வயிறுமாக வந்தவர் முதலில் என்னைப் பார்க்கவில்லை, குனிந்து சின்னவனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது பயம். ஊரெல்லாம் சிரித்த விஷயத்துக்கு முதல் தரமாக ஒரு சமையற்காரர் பயப்பட்டதைக் கண்டேன். எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். ஆனால் என் பயம் இரட்டிப்பாகியது. தொழில் தெரிந்தவனே பயப்படுகிறான் என்றால், நான் இவ்வளவு நாளும் பயந்தது காணாது.

அவர் மெதுவாக, எனக்கு விளங்கும்படி சொன்னார்: ஹாலில் வைக்கிற தட்டங்களுக்கு நான் பொறுப்புச் சொல்ல மாட்டேன், கரண்டிகளை ஆட்கள் மாற்றிவிடுவார்கள். பிளான் எடுக்க வேண்டாம். எங்கள் உணவகத்தில் ஒவ்வொரு வேளையும் ஓடர் பண்ணுங்கள். ஒவ்வொரு தரமும் சொல்லுங்கள். நேற்றுச் சொன்னேன்தானே என்று விட்டுவிடாதீர்கள், அடுத்த நாள் வேறு ஆள் அடுப்பில் நிற்கலாம். புதுச் சட்டியில் தனியாகச் சமைப்போம்.

ஒவ்வொரு தரமும். ஒரு தரம் சொல்லி, ஒரேயடியாகக் கட்டி, பயத்தையும் அதோடு கழற்றி வைத்துவிடலாம் என்றுதான் நான் அந்தப் பிளானை விரும்பியிருந்தேன். "பிளான் வேண்டாம்" என்று மேசைப் பெண்ணிடம் சொன்னேன்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு உணவகத்தின் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தோம். வந்த பையனிடம் சொன்னேன். அவன் எழுதிக்கொண்டு போன பிறகு, தண்ணீர் கொண்டுவந்த பெண்ணிடமும் சொன்னேன். பெரியவள் மேசைக்குக் கீழே என் காலை உதைத்தாள். "டாட், ஷி ஒன்லி பிரிங்ஸ் தி வாட்டர்!"

சின்னவனின் தட்டத்தைச் சமையற்காரர் தன் கையாலேயே கொண்டுவந்து வைத்தார். வெறும் சோறு, அவித்த கரட், பொரித்த மீன் துண்டு. நான் கரண்டியால் கொஞ்சம் எடுத்து முதலில் என் வாயில் வைத்தேன்.

"என்னப்பா செய்யிறியள்?" என்றார் அம்மா. "கச்சான் இருந்தாலும் உங்களுக்கு ஒண்டும் செய்யாது. நீங்கள் சாப்பிட்டுப் பார்த்து என்ன பிரயோசனம்?"

பெரியவள் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. கைப்பையைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டார். சின்னவன் முதல் வாய் சாப்பிட்டான். நாங்கள் மூன்று பேரும் அவனுடைய உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் மென்று விழுங்கினான். இரண்டாவது வாயை எடுத்தவன் கரண்டியை மேசையில் போட்டான்.

"டோன்ட் லுக் அட் மீ!"

"சரி ராசா, பார்க்கேல்லை, சாப்பிடு" என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். வெளியே இருட்டிவிட்டது, கடல் தெரியவில்லை. கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. கரண்டி மேலே போவதும் வாய் திறப்பதும் தெரிந்தது. அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை கடலைப் பார்க்கிறவன் போல அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.