கன்னத்தில் வைத்துப் பார்த்த பிரஷ்

செருப்புக் கம்பெனியில் அடிப்பாகத்துக்குப் பசை தடவும் வேலை அவளுக்கு. பதினாறு வருடமாகப் பிரஷ் பிடித்த கை. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை காலை, சலூன்காரர்களுக்குச் சாமான் விற்கும் கடையில் ஷேவிங் பிரஷ் வாங்க அவளுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. உள்ளங்கையில் அழுத்திப் பார்த்தாள். விறைப்பாக நின்றது. விலையும் கைக்கு அடக்கம். வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

வீட்டில் அது கன்னத்தில் பட்டதும் கணவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"துடைப்பத்தால கூட்டுற மாதிரி இருக்கு. விடு, நான் போகல."

போகாமல் எப்படி? ஏழு வாரத்துக்கு முன் வந்த பக்கவாதம் அவன் வலது கையையும் வாயின் ஒரு ஓரத்தையும் இழுத்துக்கொண்டது. நல்லவேளை, கால் தப்பித்தது. கோடவுனில் அவனுடைய காவல் வேலைக்கு இன்னும் வேறு ஆள் போடவில்லை. "திங்கக்கிழமை பத்து மணிக்கு நேர்ல வந்து ஆளைக் காட்டட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று மேனேஜர் சொல்லி அனுப்பியிருந்தார். இந்தத் தாடியோடு போனால் வாசலிலேயே கதை முடிந்துவிடும். சலூனுக்கோ வரவே மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். கோணிய வாயை நாலு பேர் பார்ப்பார்களாம். டப்பா நுரையைப் போட்டால், சரியாக மூடாத உதட்டு வழியாக உள்ளே இறங்கிவிடுகிறது. பிரஷ்ஷில் குழைத்த கெட்டி நுரைதான் போட்ட இடத்தில் நிற்கும்.

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தாள். மணி நாலரை. ஐந்துக்குக் கடையை மூடிவிடுவார்கள். பிரஷ்ஷைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினாள்.

"நனைச்சதைத் திருப்பி எடுக்க மாட்டேம்மா" என்றார் கடைக்காரர்.

பிளேடு வாங்க வந்திருந்த சலூன்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார். "எப்படிப் பார்த்து வாங்குனீங்க?"

அவள் உள்ளங்கையைக் காட்டினாள். பசை காய்ந்து காய்ந்து தோல் தடித்துப்போன கை.

"இந்தக் கைக்கு முள்ளு குத்தினாலும் தெரியாதே. கன்னத்துல வச்சுப் பாருங்க. நுனி மெதுவா இருக்கணும், அழுத்தினா நடுவுல தாங்கணும்."

"ரொம்ப விலையா இருக்குமோ?"

"என் கடையில ஒரு நாளைக்கு முப்பது மூஞ்சி. விலை ஒசந்ததை வச்சா நான்தான் மொட்டை."

கடையில் ஐந்து ஆண்கள். அவர்கள் நடுவில் நின்று எப்படிக் கன்னத்தில் பிரஷ்ஷைத் தேய்ப்பது? கடைக்காரர் கல்லாவைப் பூட்டச் சாவியைத் தேடினார். அவள் அங்கிருந்த பிரஷ்களை ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு தேய்த்தாள். முதல் இரண்டும் குத்தின. மூன்றாவது தொட்டதும் படுத்தேவிட்டது. நான்காவது, வெறும் மரக்கைப்பிடி போட்டது, மெதுவாகவும் இருந்தது, அழுத்தத்துக்கு நின்றும் கொடுத்தது. கண்ணைத் திறந்தபோது யாரும் அவளைப் பார்க்கவில்லை. சலூன்காரர் மட்டும் வேண்டுமென்றே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுவா? காலையில எடுத்ததைவிட இது மலிவும்மா" என்றார் கடைக்காரர், கொஞ்சம் வருத்தத்தோடு.

மறுநாள் காலை எட்டரைக்கு அவனை ஜன்னலோரம் உட்கார வைத்தாள். பிரஷ்ஷை வெந்நீரில் ஊறவைத்து, சோப்பைக் குழைத்து, பயந்துகொண்டே வைத்தாள். அவன் திரும்பவில்லை. நுரை உதட்டோரத்தில் அப்படியே நின்றது. ரேசரை மெல்ல இழுத்து முடித்தாள். தாடி ஓரளவு மறைத்து வைத்திருந்த கோணல் இப்போது பளிச்சென்று தெரிந்தது. இதை அவள் யோசிக்கவே இல்லை.

அவன் கண்ணாடியைக் கேட்டான். வேறு வழியில்லாமல் கொடுத்தாள். முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான்.

"நல்லாத் தெரியுதுல்ல?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "தெரியுதுங்க."

"சலூன்ல நாலு பேர். அங்க மேனேஜர் ஒருத்தர்தானே." அவன் இடது கையால் கன்னத்தைத் தடவிக்கொண்டான். "மணி என்ன? சட்டையை எடு."