கல்லின் மேல் இல்லாத குருவி

அந்தத் தீவில் நாங்கள் கண்ட முதல் பறவை ஒரு கொண்டலாத்தி. கண்டவர்கள் மூன்று பேர். என் கணவர் காணவில்லை. ஆனால் கண்டதாகச் சொன்னார்.

வாடகைக்கு எடுத்த வீட்டின் பின்முற்றத்தில் காலைத் தேநீரோடு நின்றிருந்தோம். கொழுந்தன் குரலைத் தாழ்த்தி, "அண்ணை, மதிலிலை பாருங்கோ" என்றார். கொண்டையை விரித்தபடி அது மதிலின் மேல் நின்றது. என் மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். என் கணவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, புத்தம்புதிய பைனாகுலரைத் தூக்கிக் கண்ணில் வைத்து, மதிலிலிருந்து நாலு முழம் தள்ளியிருந்த கள்ளிச்செடியைப் பார்த்து, "ஓம் ஓம், வடிவா நிக்குது" என்றார்.

கள்ளிச்செடியும் வடிவாகத்தான் நின்றது. நான் தேநீரைக் குடித்தேன்.

கொழுந்தன் இருப்பது சுவிஸில். நாங்கள் மொன்றியலில். அவர் இங்கே வந்தால் எங்கள் பனியைத் திட்டுவார், நாங்கள் அங்கே போனால் அவருடைய மலைகளில் ஏறிக் கால் வலிக்கும். அதனால் இந்த முறை பள்ளிக்கூட மார்ச் விடுமுறையான றெலாஷுக்கு, இரண்டு நாட்டுக்கும் நடுவில் ஓர் இடத்தில் சந்திப்போம் என்று அவரே ஒரு தீவைக் கண்டுபிடித்தார். ஆபிரிக்காவுக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஆனால் ஸ்பெயினுக்குச் சொந்தம். எரிமலை கக்கிய கறுப்புச் சாம்பலும் கல்லும் கள்ளியும்தான் அங்கே. மழை என்பதைக் கதையில்தான் கேட்டிருப்பார்கள் போல. மார்ச் மாதத்தில் மொன்றியல்காரருக்கு வெயில் தெரிந்தால் போதும், சாம்பலென்றாலும் சரி. கொழுந்தனுக்குப் பறவைப் பைத்தியம். எங்களுக்கும் ஆளுக்கொரு பைனாகுலர் கொண்டுவந்து கழுத்தில் மாட்டிவிட்டார்.

என் கணவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். காலையில் நாற்பது பிள்ளைகள், பின்னேரம் அதே நாற்பது. பதினொரு வருடமாக அதே மஞ்சள் பஸ், அதே தெருக்கள். எங்கள் வீடு அந்த வேலையில்தான் நிற்கிறது. அதைவிட, அவரே அந்த வேலையில்தான் நிற்கிறார். கோயிலில் யாராவது ஒரு பிள்ளை ஓடிவந்து அவருக்கு பொன்ஜூர் சொன்னால் அன்று முழுக்க அவர் முகம் மலர்ந்தே இருக்கும்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் மீது எனக்கு ஒரு சந்தேகம். குவளைக்கு வெளியே தேநீரை ஊற்றினார். காரின் பக்கக் கண்ணாடியில் ஒரு கீறல் வந்தது, கேட்டால் பனி அள்ளுகிற வண்டியின் தலையில் பழியைப் போட்டார். தபாலில் வருகிற கடிதங்களை எல்லாம் "உன்ரை பிரெஞ்சுக்கு நல்லது, வாசி பாப்பம்" என்று மகளிடம் நீட்டினார். அதில் ஒரு கடிதம் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டப்பட்டு, பொங்கலுக்கு முன்பிருந்தே தொங்கியது. பஸ் ஓட்டும் உரிமத்துக்கு வைத்தியர் நிரப்பவேண்டிய படிவம் அது. கண் பரிசோதனையும் அதில் சேர்ந்தது. அதை அவர் எடுக்கவுமில்லை, எறியவுமில்லை.

நேரே கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் வீட்டில் கேட்கிற பழக்கம் இல்லை, பிடிக்கிற பழக்கம்தான் உண்டு. நான் வேலை செய்கிற கார்டெறியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், மூன்று வயதுப் பிள்ளை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றால், என்ன வைத்திருக்கிறாய் என்று நான் கேட்பதில்லை. சும்மா பார்த்துக்கொண்டே நிற்பேன், அது தானாகவே கீழே விழும். கணவரிடமும் அதே வித்தையைக் காட்டினேன். ஆனால் ஐம்பத்திரண்டு வயதுப் பிள்ளையின் கையிலிருந்து எதுவும் விழவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் பறவைகள் வந்து வாய்த்தன. இதைவிட நல்ல கண் பரிசோதனை எங்கே கிடைக்கும்?

இரண்டாம் நாள் உப்பளத்துக்குப் போனோம். தண்ணீர்ப் பாத்திகளில் சிவந்த நீளக் கால்களோடு உள்ளான்கள் நின்றன. நான் மெல்ல அவர் பக்கத்தில் போய், "எத்தினை நிக்குது, எண்ணினனீங்களே?" என்றேன்.

"ஏழு" என்றார் உடனே.

ஏழுதான். என் வயிறு குளிர்ந்தது. திரும்பிப் பார்த்தால் அவருக்குப் பின்னால் கொழுந்தன் தன் கொப்பியில் எழுதிக்கொண்டே "ஏழு, ஏழு" என்று முணுமுணுத்துக்கொண்டு நிற்கிறார். குளிர்ந்த வயிறு மறுபடி சூடானது. பிறகு கொழுந்தன் மீதும் சந்தேகம் வந்தது. அண்ணனும் தம்பியும் பேசிவைத்துக்கொண்டு நாடகம் ஆடுகிறார்களோ? அண்ணனுக்குக் கேட்கட்டும் என்றுதான் இந்த மனிதர் சத்தமாக எண்ணுகிறாரோ? அன்று மத்தியானம் இருவரும் முற்றத்தில் கதைத்துக்கொண்டிருந்தபோது, சமையலறை யன்னலுக்குக் கீழே குந்தியிருந்து அரை மணித்தியாலம் ஒட்டுக்கேட்டேன். சுவிஸில் ரயில் பிந்துவதே இல்லை என்பதைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை. கால் விறைத்ததுதான் மிச்சம்.

இதற்குள் என் கணவர் ஒரு பட்டியல் போட ஆரம்பித்திருந்தார். மகள் எழுதினாள், அவர் சொன்னார். அவருடைய பட்டியலில் கொழுந்தனுடையதைவிட இரண்டு பறவைகள் கூட. முப்பது வருடமாகப் பறவை பார்க்கிற தம்பியை, மொன்றியலில் காகத்தையும் புறாவையும் ஒரே பார்வையில் தள்ளிவிடுகிற அண்ணன் முந்திவிட்டார். கொழுந்தன் பெருமைப்பட்டார். எனக்கோ பயம் பிடித்தது. இத்தனை ஆர்வம் எதை மூடுவதற்கு என்று எனக்குத்தானே தெரியும்.

காரை என் கணவரேதான் ஓட்டினார். கொழுந்தன் கார்த் திறப்பைக் கேட்டபோது, "நீ குருவியைப் பார், ரோட்டை நான் பாக்கிறன்" என்று சிரித்தார். மலை வளைவுகளில் என் கால்கள் இரண்டும் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தன.

நான்காம் நாள் தீவின் வடக்கே கல்லும் மணலும் கலந்த ஒரு வெட்டைவெளிக்குப் போனோம். கானமயில் இனத்தில் ஒரு பெரிய பறவை அங்கே இருக்கிறதாம். மண்ணின் நிறத்திலேயே இருக்குமாம், அசைந்தால்தான் தெரியுமாம். ஆட்கள் நடமாடினால் ஓடிவிடும், காருக்குப் பயப்படாது என்று கொழுந்தன் சொன்னதால், மண்பாதையில் காரை நிறுத்திவிட்டு உள்ளேயே காத்திருந்தோம். ஒரு மணித்தியாலம் போயிற்று. பிஸ்கட் பெட்டி முடிந்தது. பொறுமையிழந்த கொழுந்தன், பக்கத்து மேட்டில் ஏறிப் பார்ப்பதாகத் தன் முக்காலித் தொலைநோக்கியோடு இறங்கிப் போனார். மகள் பின்னிருக்கையில் கைபேசியோடு இருந்தாள்.

எனக்கும் பொறுமை போய்விட்டது. அந்த வெளியைக் காட்டி, "இஞ்சாருங்கோ, அங்கை, அந்தக் கறுத்த கல்லுக்கு மேலை. சிவத்த தலையோடை ஒரு குருவி" என்றேன்.

அங்கே கறுப்புக் கல்லும் இல்லை, குருவியும் இல்லை.

அவர் பைனாகுலரைத் தூக்கினார். கொஞ்ச நேரம் பார்த்தார். "ஓம் ஓம். அருமையான குருவி" என்றார். பிறகு, பட்டியலில் போடலாம் என்று நினைத்தாரோ என்னவோ, "வால் கொஞ்சம் நீளம், என்ன?" என்றும் கேட்டார்.

பிடித்துவிட்டேன். மூன்று மாதமாகக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தது இதற்காகத்தான். ஆனால் சந்தோஷம் வரவில்லை. ஒருவேளை நான் சொன்னதால் சும்மா ஓம் போட்டாரோ? இருபது வருடமாக நான் சொல்கிற எல்லாவற்றுக்கும் ஓம் போட்டுத்தானே குடும்பம் நடத்துகிறார் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, அவர் முகத்தையே பார்த்தேன். அதனால் பின்கதவு திறந்ததையும் மூடியதையும் நான் கவனிக்கவில்லை.

"தம்பி வரக் கனநேரம் செல்லும், காரை அந்தப் பக்கம் திருப்பி விடுவம்" என்று அவர் காரை எடுத்தார். கார் முன்னால் நகர்ந்தது. அப்போதுதான் நான் பாதையைப் பார்த்தேன். பாதை நடுவில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மண் நிற ஜாக்கெட்டோடு என் மகள் குந்தியிருந்தாள். எதையோ படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

நான் போட்ட சத்தம் என்னுடையது என்றே எனக்குத் தெரியவில்லை. கார் குலுங்கி நின்றது. மகளுக்கும் காருக்கும் இடையில் ஓர் ஆள் படுக்கிற தூரம் இருந்தது. அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். அவளுக்கு முன்னாலிருந்த மண்ணே எழும்புவது மாதிரி ஒரு பெரிய பறவை எழும்பியது. சிறகில் வெள்ளை பளிச்சென்று தெரிய, தாழப் பறந்து, மேட்டைச் சுற்றிப் போய் மறைந்தது. "அம்மா! நீங்கள் கத்தினதாலை பறந்து போட்டுது!" என்று மகள் காலை நிலத்தில் உதைத்தாள். மிச்சத்தைப் பிரெஞ்சில் திட்டிக்கொண்டே பறவை போன திசையில் ஓடினாள். மேட்டிலிருந்து கொழுந்தன் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினார்.

என் கணவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன பறந்தது?" என்று கேட்டார்.

அந்த நான்கு நாளில் அவர் காணவில்லை என்று ஒத்துக்கொண்ட ஒரே பறவை அதுதான்.

நான் கையை நீட்டி எஞ்சினை நிற்பாட்டித் திறப்பை உருவி எடுத்தேன். "பிள்ளை முன்னுக்கிருந்தவள். தெரிஞ்சுதோ உங்களுக்கு?"

அவர் கை இன்னும் ஸ்டியரிங்கிலேயே இருந்தது.

"எத்தினை நாளா?"

"நடுவிலைதான் மறைக்குது. ஓரமெல்லாம் வடிவாத் தெரியும். நத்தாருக்கு முன்னம், டிசம்பரிலை துவங்கினது."

"நத்தாருக்கு முன்னமோ? அப்ப இவ்வளவு நாளும் அந்தப் பிள்ளையளை ஏத்தி இறக்கினனீங்கள்?"

"ரோட்டு எனக்கு மனப்பாடம்."

"பிள்ளையள் குறுக்கை ஓடுறதும் மனப்பாடமோ?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, கோபமே இல்லாமல், உண்மையாகவே விளங்காத குரலில் கேட்டார். "உமக்குத் தெரியும்தானே?"

"எனக்கென்னெண்டு தெரியும்?"

"நீர்தானே காரிலை சொல்லிக்கொண்டு வாறனீர். பச்சை விழுந்திட்டுது, எடுங்கோ எண்டு. வலப்பக்கத்தாலை சைக்கிள் வருது எண்டு. ஸ்டொப் பலகை வருது எண்டு. முந்தி ஒரு நாளும் சொல்லேல்லை, இந்த விண்டருக்குத்தான் சொல்லத் துவங்கினீர். கதைச்சா எனக்கு வெக்கமா இருக்கும் எண்டு, கதையாமல் உதவி செய்யிறீர் எண்டு நினைச்சன்."

நான் மறுக்க வாயெடுத்தேன். ஆனால் அவர் சொன்னது உண்மை. சந்தைக்குப் போகும்போதும் லவாலுக்கு நடன வகுப்புக்கு மகளைக் கொண்டுபோகும்போதும் நான் சொல்லிக்கொண்டேதான் போனேன். வேவு பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, அவருக்குக் கண்ணாக இருந்திருக்கிறேன். அவரைச் சந்தேகித்தேன், தம்பியைச் சந்தேகித்தேன், யன்னலுக்குக் கீழே குந்தியிருந்தேன். என்னை மட்டும் ஒரு நாளும் சந்தேகிக்கவில்லை. நேரே கேட்டு அவர் ஓம் என்று சொல்லியிருந்தால் மறுநாளே பஸ் நின்றிருக்கும். பஸ் நிற்கக்கூடாது என்றுதான் நானும் கேட்காமல் இருந்தேன். அதை நினைக்க எனக்கு இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. அந்த நாற்பது பிள்ளைகளில் எங்கள் கார்டெறியில் வளர்ந்த மூன்று பேர் இருக்கிறார்கள்.

"திங்கக்கிழமை நீங்கள் பஸ் எடுக்கக்கூடாது" என்றேன்.

"பேந்து கதைப்பம்."

"இல்லை. நீங்கள் போன் எடுத்துச் சொல்லாட்டி நான் எடுப்பன்."

அவர் வெளியைப் பார்த்தார். அவருக்கு அங்கே என்ன தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. பிறகு, "பிள்ளைக்குச் சொல்லாதையும்" என்றார்.

கொழுந்தன் மேட்டிலிருந்து ஓடிவந்து, "கண்டனீங்களோ அண்ணை?" என்று மூச்சு வாங்கக் கேட்டார். அண்ணனுக்கு வயிற்றுக்குச் சரியில்லை, நீங்கள்தான் ஓட்டவேண்டும் தம்பி என்று சொல்லித் திறப்பை அவர் கையில் கொடுத்தேன். மிச்ச மூன்று நாளும் கொழுந்தன்தான் ஓட்டினார். பட்டியலில் அதன்பிறகு ஒன்றும் சேரவில்லை. நானும் என் கணவரும் தேவையானதை மட்டும் கதைத்துக்கொண்டோம்.

மொன்றியலுக்குத் திரும்பிய அன்று பனி உருகித் தெரு முழுக்கச் சேறாகக் கிடந்தது. விமான நிலையத்திலிருந்து டாக்ஸியில் வந்தோம். ஞாயிற்றுக்கிழமை அவரே பஸ் கொம்பனிக்குப் போன் எடுத்து, அடுத்த நாள் வரமாட்டேன் என்று சொன்னார். ஏன் என்று அவர்கள் கேட்டிருக்கவேண்டும். "கண்" என்றார், பிறகு போனைக் காதிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

வியாழக்கிழமை கண் வைத்தியரிடம் போனோம். எந்த வைத்தியரிடம் போனாலும் கேள்வி அவருக்கு, பதில் என்னிடமிருந்து என்பதுதான் எங்கள் நடைமுறை. அவருடைய பிரெஞ்சு தெருப்பெயர்களோடு நின்றுவிடும், என்னுடையது கார்டெறியில் வளர்ந்தது. எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக, எவ்வளவு நித்திரை என்பதெல்லாம் நான்தான் சொல்வேன். அவர் பக்கத்தில் இருந்து தலையாட்டுவார். அன்றும் பெயர், வயது, வேலை எல்லாவற்றையும் நானே சொன்னேன். வேலை என்னவென்று கேட்டதும் அந்தப் பெண் வைத்தியர் எழுதுவதை நிறுத்தி ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

பிறகு விளக்கை அணைத்தார். எதிர்ச் சுவரில் எழுத்துகள் வெளிச்சமாகத் தெரிந்தன. ஒரு கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கச் சொன்னார். என் கணவர் முதல் வரியைச் சொன்னார். இரண்டாவது வரியில் ஓர் எழுத்தைத் தலையைச் சரித்து ஓரத்தால் பார்த்துச் சொன்னார். அடுத்ததற்கு நின்றுவிட்டார். வைத்தியர் காத்திருந்தார்.

கதிரையில் இருந்தபடியே அவர் மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். வழக்கமாகப் பதிலுக்குத் திரும்புகிற அதே திரும்பல்தான்.

எனக்கு அந்த எழுத்து தெரிந்தது. அதற்கு அடுத்ததும் தெரிந்தது. கடைசி வரி வரைக்கும் எல்லாமே தெளிவாகத் தெரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.